மஞ்சப்பையும் பத்து ரூபாய் பாட்டிலும்: நடத்தை மாற்றக் கோட்பாடுகள் மீது ஒரு விமர்சனம்

"மக்கள்கிட்ட விழிப்புணர்வு இல்லைங்க." திண்டுக்கல்லில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். குப்பை, ஹெல்மெட், சர்க்கரை நோய், குடிதண்ணீர் என எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இதற்குள் ஒரு முழுக் கோட்பாடே இருக்கிறது. தகவல் கொடுத்தால் மனசு மாறும், மனசு மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் மாறவில்லை என்றால் மனசில்தான் கோளாறு.

இந்த நம்பிக்கைக்கு உளவியலில் பெரிய பெரிய பெயர்கள் கொண்ட உறவினர்கள் உண்டு. அவற்றைக் கொஞ்ச காலமாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். நான் உளவியல் படித்தவன் இல்லை, படித்தது பி.ஈ., வேலை சாஃப்ட்வேர். ஆனால் ஒரு மாடல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் எனக்குத் தினசரிப் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்ததை எழுதுகிறேன். கோட்பாடு தப்பா சரியா என்பது மட்டும் இங்கே கேள்வி இல்லை. தப்பான கோட்பாட்டை வைத்துத் திட்டம் போட்டால், திட்டம் தோற்கும்போது பழி யார் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூன்று கோட்பாடுகள், மூன்று வரிகளில்

முதலாவது 'உடல்நல நம்பிக்கை மாதிரி'. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்றவர்கள் உருவாக்கியது. காசநோயைக் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று சொல்லியும் ஏன் ஜனங்கள் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. அவர்கள் சொன்ன பதில்: எனக்கு அந்த நோய் வரும், வந்தால் ஆபத்து, சோதித்தால் பலன் உண்டு, அதற்கான சிரமம் குறைவு என்று ஒருவர் நம்பினால் வருவார்.

இரண்டாவது, ஐசக் அய்சென் 1991இல் விரிவாக எழுதிய 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு'. என் மனப்பான்மை, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து உத்தேசம் உருவாகும். உத்தேசத்திலிருந்து செயல் வரும்.

மூன்றாவது, பயிற்சி வகுப்பு ஸ்லைடுகளின் செல்லப் பிள்ளை: புரோசாஸ்கா, டிகிளெமென்டி இருவரும் 1983இல் புகைபிடிப்பவர்களை ஆராய்ந்து முன்வைத்த 'மாற்றத்தின் படிநிலைகள்'. எண்ணமே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை, செயல் நிலை, தொடரும் நிலை. ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து அதற்கேற்ற மருந்தைக் கொடு என்பது இதன் சாரம்.

மூன்றுமே நல்ல புத்திசாலிகள் நேர்மையாக யோசித்தவை. மனிதர்களை முட்டாள்களாக நினைக்காமல், அவர்களுக்கும் காரணங்கள் இருக்கும் என்று எண்ணியவை. இந்தப் பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

உத்தேசத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள பள்ளம்

சரி, இவை வேலை செய்கின்றனவா?

2006இல் வெப், ஷீரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்களின் உத்தேசத்தை வெற்றிகரமாக மாற்றிய சோதனைகள் மட்டும்தான் கணக்கு. உத்தேசம் 0.66 திட்டவிலக்க அளவு நகர்ந்திருந்தது. நடத்தை நகர்ந்தது 0.36 மட்டுமே. அதாவது மனசை நன்றாகவே மாற்றிய பிறகும் கிட்டத்தட்ட பாதிதான் செயலுக்கு வந்து சேர்கிறது. மனசை மாற்ற முடியாத சோதனைகள் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிநிலை மாதிரியின் கதி இன்னும் சுவாரசியம். அதன்படி அடுத்த ஆறு மாதத்துக்குள் விட நினைப்பவர் 'யோசிக்கும் நிலை', 30 நாளுக்குள் விட நினைப்பவர் 'தயாராகும் நிலை'. 30ஆம் நாளுக்கும் 31ஆம் நாளுக்கும் இடையில் மனித மனத்தில் அப்படி என்ன கோடு இருக்கிறது? ராபர்ட் வெஸ்ட் 2005இல் இதைத்தான் கேட்டு, இந்த மாதிரிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று எழுதினார். 2010இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 41 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. படிநிலை பார்த்துக் கொடுத்த ஆலோசனை, பார்க்காமல் கொடுத்த அதே மாதிரி ஆலோசனையைவிடக் கூடுதலாகவும் உதவவில்லை, குறைவாகவும் உதவவில்லை. ஆலோசனை உதவுகிறது. படிக்கட்டு உதவவில்லை. அய்சென் கோட்பாட்டுக்கும் 2014இல் ஸ்னிஹோட்டாவும் மற்றவர்களும் ஓய்வுக் கடிதம் எழுதினார்கள்.

ஸ்லைடுகளில் மட்டும் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஏனென்றால் அவை எதையும் பின்னாடி விளக்கிவிடும். ஆள் விட்டுவிட்டால் 'செயல் நிலை'. விடவில்லையென்றால் 'இன்னும் யோசிக்கும் நிலை'. எந்த லாக் வந்தாலும் சரி என்று சொல்லும் புரோகிராமை எங்கள் தொழிலில் டெஸ்ட் பாஸ் ஆனது என்று சொல்ல மாட்டோம், டெஸ்ட்டே எழுதவில்லை என்போம்.

நம்மூர்ச் சுருட்டு எங்கே போனது?

படிநிலை மாதிரி புகையிலையிலிருந்து வந்தது என்பதால் நம்மூர்ப் புகையிலையை வைத்தே ஒரு கேள்வி. பிரிட்டிஷ் காலத்தில் திண்டுக்கல் என்றால் பூட்டு மட்டுமல்ல, சுருட்டும்தான். இந்தச் சமவெளியில் விளைந்த புகையிலை இங்கேயே சுருட்டாகிக் கப்பலேறியது. சர்ச்சில் வாயில் இருந்ததே நம்மூர்ச் சுருட்டுதான் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தச் சுருட்டுப் பழக்கம் இன்று அநேகமாகப் போய்விட்டது. யார் யோசித்து, யார் தயாராகி, யார் விட்டார்கள்? சுருட்டு இருந்த இடத்துக்குப் பீடியும் சிகரெட்டும் வந்தன. மலிவு, சின்னது, டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பழக்கம் ஒரு ஊரையே விட்டுப் போனது, ஆனால் யாரும் திருந்தவில்லை. பழக்கத்தின் வரலாற்றை ஆட்களின் மன வரலாறாக மட்டும் படித்தால் இது கண்ணிலேயே படாது.

மஞ்சப்பை

இப்போது நிகழ்காலம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் பல இடங்களில் வந்தன.

விளம்பரமாகப் பார்த்தால் இது அருமையான யோசனை. மஞ்சப்பை நமக்கு வெறும் துணி இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலம், ஜவுளிக்கடைப் பெயர், தாத்தாவின் பஸ் பயணம் எல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் அதுவே பட்டிக்காட்டான் அடையாளமாகிக் கேலிக்கு உள்ளானது. அந்தக் கேலியைத் துடைத்துப் பெருமையாக மாற்றியது அய்சென் சொல்லும் 'சுற்றியிருப்பவர் என்ன நினைப்பார்' என்ற கம்பியைச் சரியாகத் தொடுவதுதான். யாரைக் கேட்டாலும் மஞ்சப்பை நல்லது என்றுதான் சொல்கிறார்கள். உத்தேசத்துக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மணிக்கூண்டுப் பக்கம் போய் நின்று பாருங்கள். வேலை முடிந்து பைக்கில் திரும்பும் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வருகிறது. அரைக் கிலோ தக்காளி, ஒரு முழம் பூ, ரெண்டு பிரியாணி பார்சல். கையில் பை இல்லை. மஞ்சப்பை எங்கே என்றால் வீட்டில், கதவுக்குப் பின்னாடி ஆணியில், கம்பீரமாகத் தொங்குகிறது. சால்னாவை எந்தத் துணிப்பையிலும் ஊற்ற முடியாது என்பது வேறு விஷயம். கடைக்காரருக்கோ பை இல்லை என்று சொன்னால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம்.

இதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது பை எடுத்துக்கொண்டுதான் போகிறார். மனசு ஒன்றுதான். திட்டம் போட்டு வாங்குவதும் வழியில் வாங்குவதும்தான் வேறு வேறு. பழக்கம் என்பது மனசில் மட்டும் இல்லை, நேரத்திலும் இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றும் கதைக்கும் இதுதான் பதில். 2010இல் வெளிவந்த லண்டன் ஆய்வில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சூழலும் நேரமும் மாறாத, தினமும் செய்கிற ஒரு சின்னச் செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் நடக்காத 'வழியில் வாங்குவது' எத்தனை நாளில் பழக்கமாகும்?

பத்து ரூபாய் பாட்டில்

இதன் பக்கத்தில் இன்னொரு திட்டத்தை வையுங்கள். நீலகிரியில் காலி மது பாட்டில்கள் காட்டில் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்ற பாட்டில்களில் 90 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வந்தன. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

குடித்து முடித்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் யானையின் காலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. அவருக்கு யானைமேல் பாசம் வந்ததா என்று யாரும் அளக்கவும் இல்லை. அவர் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். பாட்டில் திரும்பி வருவதற்கு யாருடைய மனசும் மாறியிருக்கத் தேவையில்லை.

அதற்காக இது செலவில்லாத வெற்றி இல்லை. பாட்டிலை வாங்கி, எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, அடுக்கும் வேலை கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அது நியாயமும்கூட. நடத்தை மாற்றத்துக்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது. பிரச்சாரத்தில் அந்த விலையை ஒவ்வொருவரும் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் கட்டச் சொல்கிறோம். ஏற்பாட்டில் அந்த விலை யார் கட்டுகிறார்கள் என்று வெளியே தெரிகிறது.

"அப்போ சூழலை மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று தாவிவிட வேண்டாம். தேலர், சன்ஸ்டீன் 2008இல் பிரபலமாக்கிய 'நட்ஜ்', அதாவது லேசாக ஒரு தள்ளு, இதே வாக்குறுதியோடு வந்ததுதான். 2022இல் டெல்லாவிக்னாவும் லினோஸும் கணக்குப் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வந்த நட்ஜ்களின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் நிஜத்தில் நடத்திய 126 சோதனைகளில் சராசரிப் பலன் 1.4 சதவீதப் புள்ளி. நன்றாக வேலை செய்தது மட்டும் கட்டுரையாக அச்சாகிறது, மீதி அலமாரியில் தூங்குகிறது. கடித வாசகத்தை மாற்றுவது ஒன்று, பத்து ரூபாயைத் திருப்பித் தருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆத்தூர் சொல்லும் கசப்பான பாடம்

இதுவரை படித்தவர்களுக்கு நான் கோட்பாட்டாளர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன் என்று தோன்றலாம். இல்லை. அதற்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சேலம் ஆத்தூர் இல்லை, நம்ம சின்னாளபட்டிப் பக்கத்து ஆத்தூர்.

டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1959இல் இருந்து ஆத்தூர் வட்டாரத்தில், சுமார் ஒரு லட்சம் ஜனத்தொகையில், சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் சேர்ந்த ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. 1964இல் அதற்கென ஒரு நிறுவனமே காந்திகிராமத்தில் உருவானது. 'ஆத்தூர் அனுபவம்' என்ற பெயரில் 1972இல் புத்தகமும் வந்தது. பிறப்பு விகிதம் குறைந்ததாக அறிவித்த இத்திட்டத்தைப் பார்க்க வெளிநாட்டு ஆட்களும் வந்தார்கள்.

அங்கே பேச்சு மட்டும் நடக்கவில்லை. தாய் சேய் நலமும் மருத்துவமனையும் கூடவே இருந்தன. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் ரெண்டு போதும் என்று சொல்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாடு முழுக்கவே பிற்பாடு பிறப்பு குறைந்தது. பெண் கல்வி, தள்ளிப்போன கல்யாண வயசு, குறைந்த சிசு மரணம், பஸ் போகும் ரோடு என்று பல காரணங்கள். அதில் பிரச்சாரத்தின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

இதே காலத்தில் இன்னொரு வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் கருத்தடை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது, பிறகு ஆளை அழைத்து வருபவருக்கும். பத்து ரூபாய் பாட்டிலின் தாத்தா என்று சொல்லலாம். அது நாடு முழுக்கப் பரவி, இலக்கு வைத்து, நெருக்கடி நிலையில் கட்டாயமாக மாறியது. 1976-77இல் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவை சிகிச்சைகள் 82 லட்சம், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. அடுத்த ஆண்டே மொத்த எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழே விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆண் கருத்தடை 0.3 சதவீதம், பெண் கருத்தடை 37.9 சதவீதம். ஆண்கள் பயந்து ஒதுங்கினார்கள், சுமை முழுக்கப் பெண்கள் உடம்பில் இறங்கியது, இன்றுவரை இறங்கவில்லை.

"நம்ம ஆம்பளைங்க மனப்பான்மை அப்படி" என்று இன்று ஒரு கணக்கெடுப்புச் சொல்லும். 1960களில் இதே மாநிலத்தில் கருத்தடை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான் என்பதை அந்தக் கணக்கெடுப்பு சொல்லாது. மனப்பான்மை எல்லா நேரமும் காரணம் இல்லை, சில நேரம் அது முந்தைய திட்டம் விட்டுப்போன தழும்பு.

இங்கேதான் பழைய மனக் கோட்பாடுகளின் மதிப்பு எனக்குப் புரிகிறது. அவை பலவீனமான கருவிகள்தான், ஆனால் ஆளிடம் கேட்கின்றன. உனக்கு என்ன தோன்றுகிறது, என்ன பயம், என்ன சிரமம் என்று கேட்ட பிறகுதான் அவற்றால் அடுத்த அடி வைக்க முடியும். ஏற்பாட்டை மட்டும் மாற்றுகிறவனுக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பாட்டில் விஷயத்தில் அது பரவாயில்லை. உடம்பு விஷயத்தில் அது 1976.

ஃபைலில் எழுதிய ஒரு சொல்

என் சித்தப்பா ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். பத்து வருஷமாகச் சர்க்கரை. மத்தியானச் சாப்பாடு மூன்றரைக்கு, ராத்திரிச் சாப்பாடு கடை மூடி வீடு திரும்பிப் பத்தரைக்கு. அவர் போகும் ஒரு மருத்துவமனையில் ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடணும், நடக்கணும், மனசு வைக்கணும் என்று ஒவ்வொரு முறையும் அறிவுரை. "மனசு வச்சுத்தாம்ப்பா இருக்கேன், முதலாளி நேரம் வைக்கணும்ல" என்பார். அவரை எந்தப் படியில் நிறுத்துவது? யோசிக்கும் நிலையிலா?

தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. இரண்டையும் யாரும் 'நடத்தை மாற்றத் திட்டம்' என்று அழைப்பதில்லை. ஆனால் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்கவேண்டியவருக்கு, அந்த வரிசை இல்லாமல் போவதுதான் பெரிய ஊக்கம். அவருக்கு உளவியலை விட லீவு முக்கியம்.

சூசன் மிச்சியும் சகாக்களும் 2011இல் கொடுத்த 'காம்-பி' என்ற சட்டகம் இதை ஓரளவு பிடிக்கிறது. திறன், வாய்ப்பு, ஊக்கம் மூன்றும் இருந்தால்தான் நடத்தை வரும் என்கிறது. கோட்பாடு என்று சொல்வதைவிட அது ஒரு சரிபார்ப்புப் பட்டியல், அதனால் அதுவும் எதையும் பின்னாடி விளக்கிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் மூன்றில் வாய்ப்பை முதலில் பார் என்று வரிசையை மாற்றிவிட்டால் உபயோகமாக இருக்கிறது. நம்ம ஊர்த் திட்டங்கள் ஊக்கத்தில் தொடங்கி ஊக்கத்திலேயே பட்ஜெட்டை முடித்துவிடுகின்றன. பேனர் அடிப்பது சுலபம், ஊர்வலம் போவது சுலபம், போட்டோவும் நன்றாக வரும்.

இப்போதெல்லாம் ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தைப் பார்த்தால் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். மாறவேண்டிய செயல் எந்த நேரத்தில், எந்த இடத்தில், கையில் என்ன இருக்கும்போது நடக்கிறது? மாறுவதற்கான செலவை யார் கட்டுகிறார்கள்? வேண்டாம் என்று சொல்பவருக்கு என்ன ஆகும்?

முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் திட்டம் மஞ்சப்பை மாதிரி ஆணியில் தொங்கும். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் செலவு சத்தமில்லாமல் கீழே இருப்பவர் தலையில் இறங்கும். மூன்றாவதைக் கேட்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதை ஆண் கருத்தடையின் 0.3 சதவீதம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகும் மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால், உட்கார்ந்து கேட்கத் தயார்.